நாற்பத்தொன்றாம் மணி

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நலம். இடது முழங்கால் மட்டும் நலமில்லை, படியில் ஓடி விழுந்துவிட்டேன். அப்பா நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இன்னும் காலர் மட்டும்தான் தைக்கிறாயா என்று எழுது.

மூடுபனி இப்போது சாயங்காலமானால் கீழிருந்து நாற்பதாவது படி வரை வருகிறது. நீ இருந்தபோது படகுத்துறைப் பலகையோடு நின்றுவிடும். நீ போன பிறகு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே இருக்கிறது. எழுபது படி முடிந்தால் நம் தெருக்கதவுதான். துறை மேஸ்திரியைக் கேட்டால் "காலம் கெட்டுப்போச்சு" என்கிறார். அவருக்கு எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை துடுப்பில்லாத ஒரு சின்னப் படகு துறையில் வந்து முட்டி நின்றது. உள்ளே ஒரு பெண். எட்டு வயது இருக்கும். பேர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவள் தலைமுடி எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. ரொட்டிக்காரம்மா அடுப்புப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார வைத்தும் காயவில்லை. அதனால் ஈரத்தலை என்று கூப்பிடுகிறோம்.

நம் வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி டீச்சர் என்னைக் கேட்டார். மணிக்காரர் மகள் இல்லையா நான்! பெருமையாகத்தான் சொன்னேன். "தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கப்பா மணி அடிப்பாரு. தீவுல எத்தனை பேரோ அத்தனை அடி. ஆளுக்கு ஒரு நம்பர். பனி கேட்டுக்கிட்டே இருக்கும். யாருக்காவது அடிக்கலைன்னா அவங்க பனிக்குச் சொந்தம். பழைய மணிக்காரர் எல்லாருக்கும் அடிச்சுட்டுத் தனக்கு அடிக்க மறந்துட்டாரு. காலையில செருப்பு மட்டும் கெடந்துச்சு. அதுலேர்ந்து மணிக்காரர் நம்பர்தான் கடைசி" என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் நம்பர் என்ன?" என்றாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சந்தேகம். யாராவது தீவைவிட்டுப் போனால் மணிக்கூண்டுச் சிலேட்டில் அவர்கள் பேரை அழித்துவிட்டு, பின்னால் இருப்பவர்கள் ஒரு எண் இறங்க வேண்டும் அல்லவா? உன் பேரை அப்பா உன் கண் முன்னால்தானே அழித்தார்? அப்படியானால் என் எண் ஏன் இன்னும் நாற்பத்திரண்டு? கேட்டால், "போய்க் கைகால் கழுவு" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கொசு


ஜூன் 18

அன்புள்ள கொசு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு மருந்து போட்டாயா, இல்லை நக்கிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாயா? நான் சௌக்கியம். மணிக்காரர் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய். சரி.

ஆமாம், இன்னும் காலர்தான். இங்கே அறுபது தையல் மெஷின். கை தைப்பவள் தனி, பொத்தான் வைப்பவள் தனி. ஒன்றரை வருஷமாக நான் ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை. நாங்கள் எல்லாரும் ஒரு நாள் சண்டை போட்டுப் பிரிந்தால் ஊரில் பாதிப் பேர் வெறும் காலரோடு நடக்க வேண்டியதுதான். அறையில் என்னுடன் இருப்பவள் தூக்கத்தில் பாடுகிறாள். கேட்கச் சகிக்காது. மற்றபடி நல்லவள்.

அந்தக் குழந்தைக்கு எண் கொடுத்தார்களா? அதை முதலில் எழுது. அவளை நம் வீட்டுக்குக் கூட்டி வந்து என் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுவிடு. பெட்டியின் அடியில் இருக்கும். அவளிடம் முறைத்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பனி எத்தனையாவது படியில் நிற்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது, மறக்காதே.

அன்புடன்,
அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நலம் என்று எழுதுவதுதானே வழக்கம், அதனால் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. என் எண்ணைப் பற்றிக் கேட்டேன், நீ ஒன்றுமே எழுதவில்லை.

ஈரத்தலைக்கு எண் கொடுக்கவில்லை. ஊர்க்கூட்டம் வலைக்கூடத்தில் நடந்தது. நான் வலைக் குவியலுக்குப் பின்னால் இருந்தேன். மேஸ்திரி சொன்னார்: "மனுசப் பிள்ளைதான்னா இந்நேரம் பனி கொண்டுபோயிருக்கணும். எண்ணாத ஆளு ஒரு ராத்திரி தாங்காது. இவ ஒரு மாசமா கல்லு மாதிரி இருக்கா. அப்படின்னா இவ யாரு? பனி அனுப்பின ஆளு. இவளுக்கு மணி அடிச்சா பனிக்கே கதவைத் தொறந்து விட்ட மாதிரி."

ரொட்டிக்காரம்மா, "பிள்ளை பசிக்குதுன்னு ரொட்டி திங்குது, பனியா ரொட்டி திங்கும்?" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை.

பனி நாற்பதாவது படியிலேயே நிற்கிறது. அவள் வந்த நாளிலிருந்து ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவளுக்காகத்தான் வாசல்ல காத்துக்கிட்டு நிக்குது" என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

உன் கம்பளிச் சட்டையைக் கொடுக்கவில்லை. அவள் பக்கத்தில் போகப் பயமாக இருக்கிறது அக்கா. ஆறு மணி அடிக்கும்போது அவள் மட்டும் தெருவுக்கு வந்து நின்று, உதடு அசைய எண்ணுகிறாள். நாமெல்லாம் நம் எண் வந்ததும் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவள் கடைசி வரை நிற்கிறாள்.

உன் கொசு


ஜூலை 16

கொசு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அவளை ஊரைவிட்டு வெளியே அனுப்ப விடாதே. காரணம் கேட்காதே. ரொட்டிக்காரம்மாவிடம் சொல், டீச்சரிடம் சொல், அழு, தரையில் விழுந்து புரளு. உனக்கு அதெல்லாம் நன்றாக வரும். அவள் தீவில்தான் இருக்க வேண்டும்.

மணிக்காரரிடம் ஒன்று கேட்டுச் சொல். நான் போன அன்று சாயங்காலம் எத்தனை அடித்தார் என்று கேள். வேண்டாம், கேட்காதே. இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், வேறு தாள் இல்லை.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் போன படகிலேயே வந்திருக்க வேண்டும். இன்றுதான் கிடைத்தது, இதே படகில். படிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஈரத்தலையைப் படகில் ஏற்றி அனுப்பப் பார்த்தார்கள். படகோட்டி, "நம்பர் இல்லாத ஆளை நான் ஏத்த மாட்டேன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதனால் ஒற்றைப் பாறைக்குக் கொண்டுபோகிறார்கள். துறைக்கு எதிரே இருக்கிறதே, பலகையில் நடந்து போவோமே, அதுதான். அங்கே பழைய விளக்குக் குடிசை இருக்கிறது. பாறை தீவோடு சேர்த்தி இல்லை, அங்கே இருப்பவர்களுக்கு எண் கிடையாது என்று மேஸ்திரி சொல்கிறார். காலையில் ரொட்டிக்காரம்மா ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கலாமாம். அவ்வளவுதான் இரக்கம்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. இதையெல்லாம் ஆரம்பித்தது நான். அவள் நடந்த இடத்தில் ஈரக் காலடி பார்த்தேன். பள்ளிக்கூடத்தில், "இவ பனியிலேர்ந்து வந்தவ" என்று நான்தான் முதலில் சொன்னேன். சும்மா சொன்னேன். மறுநாள் தெரு முழுக்க அதே பேச்சு. இன்று அவளைப் பிடித்து இறக்கியபோது அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நீ எனக்கு நம்பர் கேட்டுச் சொல்றியா?" என்றாள்.

படகோட்டி அவசரப்படுத்துகிறார். எனக்கு உன் மடியில் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

கொசு


ஆகஸ்ட் 13

என் கொசுவுக்கு,

இன்று படகு பாதிக் கடலில் திரும்பி வந்துவிட்டது. "தீவே கண்ணுக்குத் தெரியல, வெள்ளையா ஒரு சுவரு நிக்குது" என்றார் படகோட்டி. கடிதப் பையை அவிழ்க்காமலே திரும்பக் கொடுத்தார். இந்தக் கடிதம் உன்னிடம் எப்படி வந்து சேரும் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் புறப்பட்ட அன்று சிலேட்டில் என் பேரைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தார் அப்பா. "இனி எனக்கு அடிக்க வேண்டாம், நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் படகின் பின்பக்கம் நின்றேன். மணிச் சத்தம் தண்ணீர்மேல் வந்தது. எண்ணினேன். நாற்பத்திரண்டில் நிற்க வேண்டும். நாற்பத்து மூன்று அடித்தது. என் நாற்பத்தொன்றை அவர் விடவில்லை.

அதன் பிறகு தினமும் ஆறு மணிக்கு, அறுபது மெஷின் சத்தத்துக்கு நடுவில், என் காதில் ஒரே ஒரு மணி கேட்கும். ஒன்றே ஒன்று. இங்கே யாரும் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, 'காலர்' என்பார்கள். அந்த ஒரு மணி போதுமாக இருந்தது. உன் எண் மாறவில்லை, பனி ஏறுகிறது என்று நீ எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இல்லாத என்னைத் தேடித்தான் அது ஏறுகிறது. அந்தக் குழந்தை வந்ததும் மணிக்கும் ஆளுக்கும் கணக்குச் சரியாகி, அது நின்றது. தெரிந்தும் நான் எழுதவில்லை. எழுதினால் அந்த மணி நின்றுவிடுமே என்று பயந்தேன். நீ ஒரு பொய் சொன்னாய், நான் ஒரு உண்மையை மறைத்தேன். என்னுடையதுதான் பெரிய தப்பு.

அப்பாவிடம் போய்ச் சொல். என் எண்ணை அவளுக்குக் கொடுக்கச் சொல்.

ஆகஸ்ட் 14, ஏழு மணி

இன்று ஆறுக்கு என் காதில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மேற்பார்வையாளர் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்றார். ஒன்றுமே கேட்கவில்லை, கொசு. யாருக்கு என்ன ஆயிற்று? மணி அடிக்க அங்கே ஆள் இருக்கிறதா?


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்கா,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே. என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டன, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். அடுத்த படகு என்றைக்கு வந்தாலும் இதைக் கொடுப்பேன்.

அவளைப் பாறையில் விட்ட அன்றே பனி ஏறத் தொடங்கியது. தினம் இரண்டு படி. நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு என்று நான் சுவரில் கோடு போட்டேன். சாயங்காலம் மணி அடிக்கும்போது பனிக்குள்ளிருந்து அவள் குரல் கேட்கும். அப்பாவோடு சேர்ந்து எண்ணுவாள். பன்னிரண்டாம் தேதியிலிருந்து பகலிலும் பனி விலகவில்லை. ரொட்டிக்காரம்மா கூடையோடு படியில் உட்கார்ந்து அழுதார். பதின்மூன்றாம் தேதி அறுபத்தெட்டாவது படி. அன்று அவள் குரல் மிகவும் மெலிந்துவிட்டது. நான் தெருக்கதவில் காதை வைத்துக் கேட்டேன். முப்பத்தொன்பது, நாற்பது என்றாள். அடுத்த மணிக்கு எண் சொல்லவில்லை. "இது யாருக்கும் இல்ல, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள்.

அது நாற்பத்தொன்று. உன்னுடையது.

மறுநாள் மத்தியானமே பனி தெருக்கதவின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. மேஸ்திரி வீட்டில் துணியை வைத்து அடைத்தார்கள். நான் மணிக்கூண்டுக்கு ஓடினேன். "அப்பா, அக்காவுக்கு இன்னும் அடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை அக்கா. எனக்கும் அழுகை வந்தது.

பிறகு எழுந்து செருப்பைப் போட்டார். "நான் பாறைக்குப் போறேன். ஆறுக்குள்ள வரலைன்னா நீ அடி. அடிக்கிறவங்க மனசுல யாரை நெனைக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் அந்த மணி. முகத்தை நெனைச்சு நெனைச்சு அடிக்கணும். ஒருத்தரையும் விட்டுடாத" என்று சொன்னார். தெருக்கதவைத் திறந்து இறங்கினார். மூன்று படி இறங்கியதும் அவர் தலை மறைந்தது.

ஆறு ஆயிற்று. அவர் வரவில்லை. நான் முக்காலிமேல் ஏறிக் கயிற்றைப் பிடித்தேன். ஒவ்வொரு முகமாக நினைத்தேன். மேஸ்திரிக்கு வந்தபோது கை ஒரு நொடி நின்றது. பிறகு அவருக்கும் அடித்தேன். பனி மணிக்கூண்டின் ஜன்னல் வரை வந்துவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. நாற்பது வரைக்கும் அடித்துவிட்டேன். நாற்பத்தொன்றுக்கு உன் முகம்தான் தானாக வந்தது, அக்கா. அதைத் தள்ளிவிட்டு அவள் ஈர முடியை நினைத்தேன், "நம்பர் கேட்டுச் சொல்றியா" என்று அவள் கேட்டதை நினைத்தேன். அடித்தேன். அது உனக்கு இல்லை. என்னை மன்னித்துவிடு. நாற்பத்திரண்டு எனக்கு. நாற்பத்து மூன்று அப்பாவுக்கு. அதை மட்டும் எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவுக்கு இழுத்தேன்.

ஜன்னலில் முதலில் தெருக்கதவு தெரிந்தது. பிறகு படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பனி துறைப் பலகை வரை போய்விட்டது. இருபதாவது படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். முதுகில் அவள்.

அவளுடைய ஊரிலும் இப்படி மணி அடிப்பார்களாம். ஒரு நாள் அவளுக்கு அடிக்கவில்லையாம். மறந்தார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. "பனிக்குள்ள ரொம்ப நாள் இருந்தேன். ஆளே இல்லாம ஒரு மணி மட்டும் வந்துச்சு. அது பின்னாலயே வந்தேன்" என்கிறாள். உன் கம்பளிச் சட்டை இப்போது அவளிடம்தான் இருக்கிறது. தலைமுடி காய்ந்துவிட்டது. இனி என்ன பேர் வைப்பது என்று இரண்டு பேரும் யோசிக்கிறோம்.

உன் கொசு


ஆகஸ்ட் 26

பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

நலம். கால் வீங்கியிருந்தது, வடிந்துவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு எழுதிப் பழக்கமில்லை.

அன்று பேரை அழித்தது சிலேட்டில்தான். சாயங்காலம் நாற்பது அடித்த பிறகு உன் முகம்தான் வந்தது, கை நிற்கவில்லை. மறுநாள் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஒன்று குறைந்தால் ஆள் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். கூடினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கூட்டி அடித்ததில்லை. பனி இருபதாவது படிக்கு வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அடித்தேன். அந்தப் பிள்ளையைப் பாறைக்குக் கொண்டுபோனபோதும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

ஊர்க்கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரி, "சின்னவ தெனமும் பக்கத்துல நின்னு எண்ணட்டும்" என்றார். அப்படியே நடக்கிறது.

இப்போது உனக்கு அடிப்பதில்லை. அதை நானே சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன். நாற்பத்தொன்று வரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை நினைக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


செப்டம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள் சின்னவளை. அவள் உள்ளங்கைக்கும் ஏதாவது தடவுங்கள்.

உங்கள் கடிதமும் அவள் கடிதமும் ஒரே பையில் வந்தன. அதற்கு முன்பு இரண்டு வாரம் உங்களில் யாரோ ஒருவர் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது போதும் எனக்குத் தண்டனை. நீங்கள் எனக்கு அடிப்பது படகில் ஏறிய அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். சின்னவளுக்கு எழுதி அனுப்ப முடியாமல் போன கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், அவளையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இருபத்து நான்காம் தேதிப் படகில் வருகிறேன். அடுத்த படகு வரை விடுமுறை கேட்டு வாங்கிவிட்டேன். என் பேரை மறுபடி எழுதுங்கள். அந்தக் குழந்தையின் நாற்பத்தொன்றைத் தொட வேண்டாம், எனக்கு நாற்பத்து மூன்று போதும். உங்கள் கடைசி எண் நாற்பத்து நான்கு ஆகும். ஆனால் படகு தாமதமானால் கூட்டி அடிக்காதீர்கள். என் கால் துறைப் பலகையில் படுவதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

பதினான்கு சாயங்காலமும் மணிக்கூண்டுக்குக் கீழே நின்று முழுவதும் கேட்பேன்.

அக்டோபர் எட்டாம் தேதி காலை என் பேரை என் கண் முன்னால் அழியுங்கள். இந்த முறை நான் எதுவும் பேச மாட்டேன். சாயங்காலம் படகின் பின்பக்கம் நின்று எண்ணுவேன். நாற்பத்து மூன்றோடு நிற்க வேண்டும், அப்பா.

உங்கள் பெரியவள்